அரை மார்க் விட்டுக்கொடுத்த எதிரி

மேஜைமேல் நான்கு பொருள்கள் ஸ்கேல் வைத்து அடுக்கினாற்போல் ஒரே வரிசையில் இருந்தன. கைக்கடிகாரம், செல்போன், வீட்டுச் சாவி, ஏழு அறை கொண்ட மாத்திரை டப்பா. டப்பாவில் இன்றைய அறை திறக்கப்படவே இல்லை.

அண்ணி எதையும் தொடாமல் குனிந்து பார்த்தாள். அவசரமாகக் கிளம்பிய ஆள் சாவியை மறக்கலாம், போனை மறக்கலாம். நான்கையும் சேர்த்து வரிசையாக மறக்க யாராலும் முடியாது. இது கிளம்பிப் போனவரின் மனைவியான அந்த வீட்டு அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருபது வருஷமாக மாத்திரை எண்ணிக் கொடுப்பவள். குரல் நடுங்கவில்லை.

"காலையில எட்டரைக்குப் போனார். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதயத்துல ஆபரேஷன் ஆச்சு. பன்னெண்டு மணி மாத்திரை தவறினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்."

மணி பதினொன்றேகால். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள். வளர்ந்த மனிதர் இரண்டு மணி நேரம் வீட்டில் இல்லையென்றால் அதற்குக் காணாமல்போனது என்று பெயரில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகுதான் அண்ணிக்குப் போன் வந்தது.

அண்ணி, பன்னிரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடித்துவிட்டுச் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். கூடவே ஒட்டிக்கொண்டு வந்தவன் கணவனின் தம்பி. அவன் அண்ணி, அண்ணி என்று கூப்பிடப் போய், இப்போது கட்சிக்காரர்கள், கான்ஸ்டபிள்கள், கூரியர்காரர் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். கொழுந்தனுக்கு முப்பத்தெட்டு வயது. சொந்தமாக ஒரு பழைய வேன் உண்டு. வேன் எந்த கியரில் போனாலும் வாய் டாப் கியரில்தான் போகும்.

காணாமல்போனவர் கணக்கு வாத்தியார். அறிவியல், கணித ஆசிரியர்களில் வருஷத்துக்கு ஒரே ஒருவருக்குத் தரும் விருது இந்தத் தடவை அவருக்கு. இன்று மாலை ஐந்து மணிக்கு விழா. அழைப்பிதழ் அடித்து, அரங்கம் பிடித்து, எல்லாம் தயார். நேற்று விருதுக் குழுவின் செயலாளர் அவரைக் கூப்பிட்டு ஒரு மொட்டைக் கடிதத்தைக் கையில் கொடுத்திருக்கிறார். இது உண்மையா பொய்யா என்று நாளை மூன்று மணிக்குள் பதில் வேண்டும், இல்லாவிட்டால் பெயரை நீக்குவோம் என்று சொல்லியிருக்கிறார். வாத்தியார் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வந்துவிட்டாராம். ராத்திரி முழுக்கச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. காலையில் ஆள் இல்லை.

அண்ணி கடிதத்தை வாங்கிப் படித்தாள். கம்ப்யூட்டரில் அடித்த ஒரே ஒரு பக்கம்.

'பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத் தேர்வில் ஒரு மாணவி கணிதத்தில் 34 மதிப்பெண் பெற்றுத் தோல்வியடைந்ததாக அறிவிக்கப்பட்டாள். 35 எடுத்தால் தேர்ச்சி. அவளுடைய விடைத்தாளில் ஆறாம் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்ததால் 23ஆம் கேள்விக்கான விடை திருத்தப்படவில்லை. அதற்கு இரண்டு மதிப்பெண் உண்டு. கடைசியில் அலகு எழுதாததால், கறாராகத் திருத்துபவர் அரை மதிப்பெண் குறைக்கலாம். எப்படிப் பார்த்தாலும் அவள் தேர்ச்சி. தவறு தெரிந்த பிறகும் ஆசிரியர் மறைத்துவிட்டார். அந்தக் குழந்தை அதன்பின் பள்ளிக்கு வரவில்லை. இவர் விருதுக்குத் தகுதியற்றவர்.'

இதை யார் எழுதியிருப்பார்கள் என்று அண்ணி கேட்பதற்கு முன்பே அந்த அம்மா பதிலை வைத்திருந்தாள். இயற்பியல் டீச்சர். அதே பள்ளிக்கூடம். கடைசிச் சுற்றில் மிஞ்சிய இரண்டு பேரில் ஒருத்தி. வாத்தியார் பெயர் நீங்கினால் விருது அவளுக்கு.

இதற்குள் கொழுந்தன் அலமாரி ஓரம் தொங்கிய விழாச் சட்டையை ஆராய்ந்துகொண்டிருந்தான். காலரில் லாண்ட்ரி கட்டிவிட்ட துணிச் சீட்டு அப்படியே இருந்தது. அதேபோல் பதினாறு சீட்டுகள் இழுப்பறையில் தேதி வாரியாகக் கிடந்தன. எல்லாம் சரக்கு ரயில் நிலையத் தெருவில் உள்ள ஏதோ ஒரு லாண்ட்ரியுடையவை. இரண்டு பஸ் மாற வேண்டிய தூரம். இந்த வீட்டுக்கு நேர் கீழேயே ஒரு லாண்ட்ரி இருந்தது.

"கீழ கடையில காலரைக் கெடுத்துடறாங்கன்னு சொன்னார்," என்றாள் அந்த அம்மா.

"அண்ணி, காலருக்காக ரெண்டு பஸ் மாறுற மனுஷனை நான் பார்த்ததே இல்ல. நானெல்லாம் சட்டையே இல்லாட்டியும் ஒரு பஸ்ஸோட நிறுத்திக்குவேன்."

அண்ணி சிரிக்கவில்லை. மாத்திரை டப்பாவையும் சீட்டுகளையும் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுகளுக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டே இருங்கள் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். பின்னாலேயே அந்த அம்மாவின் குரல் வந்தது. ஆற்றுப் பாலத்துக்கு ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டாள். அண்ணி பாதிப் படியில் நின்றாள். அனுப்புங்கள் என்றாள்.

*

இயற்பியல் டீச்சர் பள்ளிக்கூட ஆய்வகத்தில் மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். ஐம்பதை நெருங்கியவள், நிமிர்ந்த முதுகு. விஷயத்தைக் கேட்டு, கடிதத்தையும் படித்ததும் பேனாவை மூடி வைத்தாள். வாத்தியாரைக் காணோம் என்பதுதான் அவளை முதலில் உலுக்கியது. தன்மேல் சந்தேகம் என்பது அப்புறம்தான் உறைத்தது.

"எனக்கு அவர்மேல பொறாமை இருக்கு. மறைக்க மாட்டேன். ஆனா நான் எழுதியிருந்தா ஒரு பக்கத்தோட நிறுத்தியிருக்க மாட்டேன், அஞ்சு பக்கம் எழுதியிருப்பேன்," என்றாள்.

அண்ணிக்கு அந்த வார்த்தை எங்கோ போய்த் தைத்தது. கடிதத்தை மறுபடி எடுத்து விரித்தாள். பழைய விடைத்தாள்களை என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். ஒரு வருஷம் பூட்டி வைப்போம், பிறகு கிழித்துக் கூழ் ஆலைக்கு அனுப்பிவிடுவோம், மாணவர்கள் கையில் போகவே போகாது என்றாள் டீச்சர். அந்தப் பொறுப்பே பதினைந்து வருஷமாக அவளிடம்தான். ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

அப்படியானால் ஆறாம் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது என்பதும், அலகு விட்டுப்போனது என்பதும் பதினோரு வருஷம் கழித்து ஒருவருக்கு எப்படித் தெரியும்? அந்த ஒரு தாள் மட்டும் ஆலைக்குப் போகவில்லை. திருத்தியவர் கைக்குப் போனது, அங்கிருந்து வெளியே வரவே இல்லை.

கொழுந்தனும் அதற்குள் அதே முடிவுக்கு வந்துவிட்டிருந்தான். "மொட்டைக் கடிதாசி போடறவன் எவனாவது அரை மார்க் விட்டுக்குடுப்பானா அண்ணி? ஒருத்தரைக் கவுக்கணும்னு உட்கார்ந்தவன், அலகு எழுதலை, அதனால ஒன்றரையும் போடலாம்னு நியாயம் பேசறான். திட்டு ஒண்ணுகூட இல்ல. அந்தப் பொண்ணை 'குழந்தை'ன்னு எழுதியிருக்கான்."

"எழுதினது அவரேதான்," என்றாள் அண்ணி.

டீச்சர் நாற்காலியில் மெதுவாகச் சாய்ந்தாள். பிறகு மேஜைக்குள்ளிருந்து விழா அழைப்பிதழை எடுத்துக் கொடுத்தாள். உள்பக்கத்தில் வாத்தியாரின் படத்துக்குக் கீழே, 'எனக்கு இந்த விருது வேண்டாம் என்று இருமுறை கடிதம் எழுதிய எளிமையின் சிகரம்' என்று அச்சிட்டிருந்தது. அவர் நிஜமாகவே வேண்டாம் என்றிருக்கிறார். குழு அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு விளம்பரம் செய்துவிட்டது. வேறு வழி தெரியாமல் அவர் தன்மேல் தானே குற்றம் சாட்டினார். நேற்று அதையே கையில் கொடுத்து உண்மையா என்று கேட்டபோது, ஆமாம் என்ற ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அந்த அவமானத்தோடுதான் காலையில் கிளம்பியிருக்கிறார்.

மொட்டைக் கடிதம் எழுதிய ஆளைப் பிடித்தாயிற்று. ஆனால் ஆளையே காணோமே. மணி ஒன்றாகப் போகிறது, பன்னிரண்டு மணி மாத்திரை தவறிவிட்டது. அந்த அம்மா போனில் வந்தாள். எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை. பாலத்துக்குப் போன பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் திரும்பவில்லை.

அண்ணி சீட்டுகளை ஆய்வக மேஜைமேல் கொட்டினாள். முதல் சீட்டு நாலு மாதத்துக்கு முந்தியது. விருதுக்குப் பெயர் தேர்வான கடிதம் எப்போது வந்தது என்று டீச்சரைக் கேட்டாள். அதே வாரம்தான்.

"துணிக்காகப் போகலை தம்பி, அங்க யாரையோ பார்க்கப் போயிருக்கார். வேனை எடு."

*

நெரிசலில் ஊர்ந்து போய் ரயில்வே கேட்டில் சிக்கிக்கொண்டபோது மணி இரண்டு. சரக்கு வண்டி ஒன்று பெட்டி பெட்டியாக நகர்ந்துகொண்டே இருந்தது, முடிவதாக இல்லை. அந்த அம்மா மறுபடி கூப்பிட்டாள். பாலத்திலும் யாரையும் பார்க்கவில்லையாம். அதில் நிம்மதி அடைவதா வேண்டாமா என்று அவளுக்கே தெரியவில்லை. அழாமல் பேசிக்கொண்டிருந்தவள் இப்போது அழுதாள். மாத்திரை என் கையில்தான் இருக்கிறது என்று மட்டும் அண்ணி சொன்னாள். கொழுந்தன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பெட்டிகளை எண்ணினான். அவன் வாயிலிருந்து ஒரு ஜோக்கும் வரவில்லை.

லாண்ட்ரி ஒரு நீளமான தகரக் கூடம். ஓட்டல் விரிப்புகளும் ஆஸ்பத்திரிப் போர்வைகளும் மலை மலையாகக் குவிந்திருந்தன. நீராவி இஸ்திரிப் பெட்டிகளின் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. கவுண்டரை ஒட்டிய இஸ்திரி மேஜையில் ஒரு பெண் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். மணிக்கட்டு நெடுக சூடு பட்ட பழைய தழும்புகள். அண்ணி கணக்கு வாத்தியார் என்று ஆரம்பித்ததும் அவள் கை நின்றது.

அவளுக்கு அவரை முதல் நாளே அடையாளம் தெரிந்துவிட்டது. வாரம் ஒரு சட்டையோடு வருவார், அழுக்கே இல்லாத சட்டை. ஏதோ சொல்ல வாயெடுப்பார், சீட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார். இவளும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. இன்று காலைதான் சட்டை இல்லாமல் வந்தார். ஒரு பழைய விடைத்தாளைக் கவுண்டர்மேல் வைத்தார். நீ பாஸ் ஆகியிருந்தாய் அம்மா, நான்தான் கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டுக் கையைக் கூப்பினார்.

"நீ என்னம்மா சொன்னே?" என்று கேட்டாள் அண்ணி.

அவள் தாளை எடுத்து நீட்டினாள். பழுப்பேறிய தாள். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் வட்டமிட்ட 34. ஆறாம் பக்கத்தில் அதே சிவப்பு மையில் ஒரு 2, கீழே 36 என்று கூட்டல், பக்கத்தில் ஒரு தேதி. அண்ணி தேதியை இரண்டு தடவை பார்த்தாள். பதினோரு வருஷத்துக்கு முந்தைய தேதி அது. ரிசல்ட் ஒட்டுவதற்கு இரண்டு நாள் முன்பு என்று அவள் சொன்னாள்.

"மார்க் போட்டு முடிச்சதுமே வகுப்புல வாசிச்சுட்டார்," என்றாள் அந்தப் பெண். "எனக்கு அப்பவே தெரியும், நான் பாஸ்னு. அன்னிக்கே ஸ்டாஃப் ரூமுக்குப் போய், சார் என் பேப்பரை இன்னொரு தடவை பாருங்கன்னு கேட்டேன். எல்லா டீச்சரும் இருந்தாங்க. அன்னிக்கு என்கிட்ட என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கான்னு காலையில கேட்டேன். ஞாபகம் இல்லைன்னார். ஞாபகம் வந்தா வாங்க, இல்லாட்டி வராதீங்கன்னு சொல்லிட்டேன்."

அரை மதிப்பெண்ணைக்கூட ஒளிக்காத கடிதம் இந்த ஒன்றை மட்டும் விழுங்கியிருந்தது. அவள் வந்து கேட்டாள் என்பதை.

எந்தப் பக்கம் போனார் என்று அண்ணி கேட்டாள். வாசல் பக்கம் போனதைப் பார்க்கவில்லை என்றாள் அந்தப் பெண். அந்தக் கூடத்துக்கு வாசலைத் தவிர இன்னொரு கதவுதான் உண்டு. கொழுந்தன் அதற்குள் அதை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான்.

பின்பக்க முற்றத்தில் வரிசை வரிசையாக ஆஸ்பத்திரிப் போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன. கொழுந்தன் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனான். கடைசி வரிசைக்கு அப்பால், கவிழ்த்துப் போட்ட கூடைமேல் அவர் உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பல் பூத்து, சட்டை வியர்வையில் உடம்போடு ஒட்டி, இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு. காலையிலிருந்து அங்கேயேதான் இருந்திருக்கிறார்.

அண்ணி மனைவியைப் போனில் பிடித்தாள். அவள் சொல்லச் சொல்ல மாத்திரையைக் கொடுத்து, நாடியைப் பிடித்து எண்ணிச் சொல்லிக்கொண்டே வந்தாள். பத்து நிமிஷத்தில் எண்ணிக்கை குறைந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள் அந்த அம்மா. வாத்தியார் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். போர்வைகளுக்கு நடுவே நின்றிருந்த பெண்ணைப் பார்த்தார்.

"ஞாபகம் இல்லைன்னு சொன்னது பொய்," என்றார். "ஒரு நாளும் மறந்ததில்ல."

அவள் கைகளை அங்கியில் துடைத்துக்கொண்டாள்.

"உங்கம்மா பார்க்கிற வேலைக்கு முப்பத்திநாலே ஜாஸ்தி, போன்னு சொன்னேன்."

அவளுடைய அம்மா வேலை பார்த்தது இதே தகரக் கூடத்தில்தான். ஸ்டாஃப் ரூமில் அதற்கு இரண்டு மூன்று பேர் சிரித்தார்களாம். அன்று சாயந்திரம் மனசு கேட்காமல் தாளைப் புரட்டியிருக்கிறார், பக்கம் ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறார். மார்க்கைத் திருத்தினால் அந்த வாக்கியத்தையும் எல்லோர் முன்னாலும் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று தாளைப் பைக்குள் வைத்தார். மறுநாளும் வைத்திருந்தார். ரிசல்ட் ஒட்டிவிட்டார்கள். அவள் அதன்பின் வரவில்லை.

அண்ணியின் போன் அடித்தது. விருதுக் குழுச் செயலாளர், வாத்தியாரின் மனைவியிடம் எண் வாங்கிக் கூப்பிடுகிறார். மணி மூன்று. வாத்தியார் கையை நீட்டிப் போனை வாங்கினார். கடிதம் எழுதியது நான்தான், அதில் ஒரு வரி விட்டுப்போயிற்று, எழுதிக்கொள்ளுங்கள் என்றார். அந்த வாக்கியத்தைத் தேர்வுக்குக் கேள்வி சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பெயரை எடுத்துவிடுகிறோம் என்று கடைசியில் செயலாளர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

அவர் அழுவார் என்று அண்ணி நினைத்தாள். அழவில்லை. அந்தப் பெண்தான் முன்னால் வந்தாள். அவள் மன்னிப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

"இங்க சூப்பர்வைசர் வேலை காலியா இருக்கு. ஒன்பதாவது பாஸ் பண்ணியிருக்கணும்னு கேக்கறாங்க. இன்னிக்குத்தான் கடைசி நாள்," என்றாள். "உங்களால முடியுமா சார்?"

*

டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் எதுவும் என்று, ஓடி வந்து சேர்ந்துகொண்ட மனைவி பிடிவாதமாக இருந்தாள். வழியில் ஒரு கிளினிக்கில் இதயத் துடிப்பை வரைந்து பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் படுக்க வைத்துவிட வேண்டும் என்ற கண்டிப்போடு டாக்டர் விட்டார். பள்ளிக்கூட அலுவலகத்தை மூடும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கிளார்க் பதினோரு வருஷத்துக்கு முந்தைய மதிப்பெண் பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். வாத்தியார் 34ஐ அடித்து, 36, தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆனால் தலைமையாசிரியர் கையெழுத்து இல்லாமல் அது செல்லாது. அவர் விழாவுக்குப் போய்விட்டார். பதிவேடு கட்டடத்தைத் தாண்டி வெளியே போகக் கூடாது என்று கிளார்க் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"புஸ்தகம் தனியாப் போகக்கூடாதுன்னா நீங்களும் கூட வாங்க சார்," என்றான் கொழுந்தன். "வேன்ல ஜன்னலோர சீட்டு இருக்கு."

அரங்கத்துக்குள் நுழைந்தபோது மணி ஐந்தேகால். பெயர் நீங்கிய செய்தி மேடையில் இருந்த நாலு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. அழைப்பிதழில் படம் பார்த்தவர்கள் வாத்தியாரை அடையாளம் கண்டுகொண்டு எழுந்தார்கள். முதலில் ஒரு மூலையில் தொடங்கிய கைதட்டல் கூடம் முழுக்கப் பரவியது. மேடையில் செயலாளர் மைக்கைப் பிடித்தபடி விழித்தார். வாத்தியார் கசங்கிய சட்டையோடு, பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். இரண்டு அடி தள்ளி கிளார்க், பதிவேட்டைவிட்டுக் கண்ணெடுக்காமல். அதற்குப் பின்னால் மனைவி.

அந்தப் பெண் வாசலைத் தாண்டி வரவில்லை. லாண்ட்ரி அங்கியோடே அண்ணியின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"எதுக்குக் கை தட்டறாங்க?" என்று கேட்டாள்.

"அவங்களுக்கே தெரியாது," என்றாள் அண்ணி.

வாத்தியார் மேடையேறவில்லை. முதல் வரிசையில் குனிந்து, பதிவேட்டைத் தலைமையாசிரியர் மடியில் விரித்து வைத்தார். பழுப்புத் தாளை ஆறாம் பக்கத்தில் பிரித்துக் காட்டி ஏதோ சொன்னார். தலைமையாசிரியர் முகம் மாறியது. கைதட்டல் அங்கங்கே அறுந்து, கூடம் அமைதியானது. தலைமையாசிரியர் பேனாவுக்காகச் சட்டைப் பையைத் தடவினார். பக்கத்து நாற்காலியிலிருந்து இயற்பியல் டீச்சர் தன் பேனாவைத் திறந்து நீட்டினாள்.

அத்தனை பேர் பார்வையும் முதுகில் படிய, வாத்தியார் வந்த வழியே திரும்பி நடந்து வாசலுக்கு வந்தார். பதிவேட்டை அவள் முன் பிடித்தார். அவள் அவசரப்படவில்லை. தன் பெயருக்கு நேரே விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனாள். அடித்த எண், புது எண், தேர்ச்சி என்ற சொல், இரண்டு கையெழுத்து. விரல் அங்கே நின்றது.

"ஹெட்மாஸ்டர் தேதி போடலையே சார்."

வாத்தியார் பார்த்தார். ஆமாம், போடவில்லை. பதிவேட்டை மூடிக்கொண்டு, அவ்வளவு நீளக் கூடத்தில் மறுபடியும் முதல் வரிசையை நோக்கி நடந்தார்.